பின் போட்டால் போதாது, பெயர் வை

பாப்பா, நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். விழுப்புரத்தில் ஆரம்பித்து திண்டிவனம் வரைக்கும் மேப் முழுக்க மஞ்சள் நட்சத்திரம். நடுநடுவே பெயரே இல்லாத 'டிராப்ட் பின்'கள். இதில் எது குழுக் கூட்டம் நடக்கிற இடம், எது பஞ்சர் கடை, எது வழி தெரியாமல் போய் நின்ற இடம் என்று இன்றைக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். பொங்கல் கழிந்தால் இருக்காது. மகளிர் குழுக்களைப் பார்க்கிற வேலையில் ஒரே நாளில் நாலைந்து ஊர் ஏறி இறங்கணும். வெயிலில் ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் கூட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சேமித்து வைத்த இடத்தைத் திறந்தால், அங்கே எந்தப் பக்கமாகப் போவது, வண்டியை எங்கே நிறுத்துவது, எப்போது போகக் கூடாது என்பதையெல்லாம் அதுவே சொல்ல வேண்டும். உனக்கு மட்டுமில்லை. நீ லீவு போட்ட அன்று உனக்குப் பதிலாகப் போகிற பெண்ணுக்கும் சொல்ல வேண்டும். அப்படி வைத்திருந்தால்தான் அது சேமிப்பு. நான் கீழே சொல்வது எல்லாமே அதற்காகத்தான்.

பெயரில்தான் பாதி வேலை

விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியம் இருக்கிறது. கோலியனூர், காணை, கண்டமங்கலம், விக்கிரவாண்டி, முகையூர், திருவெண்ணெய்நல்லூர் ஒரு பக்கம். மயிலம், ஒலக்கூர், மரக்காணம், வானூர், வல்லம், செஞ்சி, மேல்மலையனூர் இன்னொரு பக்கம். இவ்வளவு பெரிய பரப்பில் ஒரே பெயருள்ள ஊர்கள் வராமல் இருக்குமா? பாக்கம், பட்டு, மங்கலம், நல்லூர் என்று முடிகிற ஊர்கள் எத்தனையோ. மேல், கீழ், பெரிய, சின்ன என்று முன்னால் சேர்த்துக்கொண்டு இரட்டையாக நிற்கிற ஊர்களும் உண்டு. ஊர்க்காரர்கள் பேச்சில் அந்த முன்சொல்லை விட்டுவிடுவார்கள். அவர்களுக்குக் குழப்பம் கிடையாது, உனக்கு உண்டு.

அதனால் ஊர்ப் பெயரில் ஆரம்பிக்காதே, ஒன்றியத்தில் ஆரம்பி. ஒன்றியம், ஊர், என்ன இடம், கண்ணில் படுகிற அடையாளம் என்று இந்த வரிசையிலேயே எல்லாவற்றுக்கும் பெயர் வை. உதாரணத்துக்கு, "மயிலம் – கூட்டேரிப்பட்டு – குழுக் கூட்டம் – மாரியம்மன் கோயில் பின்தெரு". பெயர் நீளமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. தேடும் பெட்டியில் "மயிலம்" என்று அடித்தால் அந்தப் பக்கத்து இடங்கள் ஒன்றாக வரும். கம்ப்யூட்டரில் அகர வரிசையில் அடுக்கினாலும் ஒன்றியம் ஒன்றியமாகப் பிரிந்து நிற்கும்.

மாவட்டத்தின் பெயரைச் சேர்க்க வேண்டாம். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. திருக்கோவிலூரும் உளுந்தூர்பேட்டையும் அதோடு போயின. அதற்கு முந்தைய ஃபைல்களில் அந்த ஊர்கள் எல்லாம் விழுப்புரம் மாவட்டம் என்றுதான் இருக்கும். ஒன்றியத்தின் பெயரை நம்பிப் போனால் இந்தச் சிக்கலே இல்லை.

எழுத்துக்கூட்டல் விஷயத்தில் கொஞ்சம் நில். விழுப்புரம் என்ற பெயரையே பார். ரயில் டிக்கெட்டில் 'எல்' இரண்டு, 'பி' ஒன்று. மாவட்ட இணையதளத்தின் முகவரியில் 'எல்' ஒன்று, 'பி' இரண்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் மாற்றி எழுத அரசாணை வந்தது, அதே மாதத்தில் திரும்பப் பெறவும் பட்டது. மாவட்டத் தலைநகருக்கே இந்த நிலை என்றால் ஒலக்கூர் பக்கத்துச் சின்னக் கிராமத்தின் பெயரை ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதியிருப்பார்கள். நீ பெயரைத் தமிழில் போடு. ஆபீஸ் லிஸ்ட்டில் இருக்கிற ஆங்கில எழுத்துக்கூட்டலை, தப்பாக இருந்தாலும் திருத்தாமல், அப்படியே நோட்டில் சேர்த்துவிடு. மாதக் கடைசியில் ரிப்போர்ட் போடும்போது இரண்டையும் ஒப்பிட அது உதவும்.

"பஸ் ஸ்டாண்ட்" என்று மட்டும் ஒரு பின் வைக்காதே. விழுப்புரத்தில் பழையது ஒன்று, புதியது ஒன்று. "கூட்டுரோடு" என்று மட்டும் வைக்காதே. இந்த மாவட்டத்தில் ரோடு பிரிகிற இடமெல்லாம் கூட்டுரோடுதான். ரோடு நம்பரையும் பெயராக வைக்காதே. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நம்பர் மாற்றினார்கள். அதுவரை சென்னையிலிருந்து விழுப்புரம் தாண்டி திருச்சி வரைக்கும் ஒரே 45-ஆக இருந்தது. இப்போது சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் 132, அதற்குப் பிறகு 38. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி போகிற பழைய 66 இப்போது 77. லாரிக்காரர்கள் வாயில் இன்னும் பழைய நம்பர்தான் வருகிறது. "செஞ்சி ரோடு", "மரக்காணம் ரோடு" என்று எழுதி வைத்தால் யாருக்கும் புரியும்.

கூகுள் மேப்பில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு இடத்துக்கு நீ வைக்கிற 'லேபிள்' உன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தை லிஸ்ட்டில் போட்டுப் பிறருக்கு ஷேர் பண்ணினால் லேபிள் அதோடு சேர்ந்து போகாது. லிஸ்ட்டுக்குள் அந்த இடத்தின் கீழே எழுதுகிற 'நோட்' போகும். ஆகவே நான் சொன்ன நீளப் பெயரை லேபிளிலும் வை, நோட்டின் முதல் வரியிலும் வை. இரட்டை வேலைதான். ஆனால் உன்னிடம் லிஸ்ட் வாங்கிய பெண் வெறும் பின்னைப் பார்த்து முழிக்காமல் இருக்க வேறு வழியில்லை.

பின் எங்கே விழ வேண்டும்?

வாசலில். கட்டடத்தின் நடுவில் இல்லை, வளாகத்தின் நடுவிலும் இல்லை. வண்டி நிற்கிற வாசலில்.

செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கொள். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு வெளியூரிலிருந்து நிறையப் பேர் கேட்டு வருகிறார்கள். உன் தோழிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகச் சொல்வார்கள். அந்தக் கோட்டை ஒரு மலை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. திருவண்ணாமலை ரோடு ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போகிறது. ராஜகிரி உச்சி சுமார் 800 அடி உயரத்தில் இருக்கிறது. 'செஞ்சிக் கோட்டை' என்று பொதுவாக ஒரு பின் போட்டால் ரோட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றே அது சொல்லாது. ராஜகிரி நுழைவாயிலுக்கு ஒன்று, கிருஷ்ணகிரிப் படி ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒன்று, வண்டி நிறுத்துகிற இடத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடு.

திருவக்கரையும் அப்படித்தான். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு ரகம், தேசியக் கல்மரப் பூங்காவுக்கு வருகிறவர்கள் இன்னொரு ரகம். ஊர் ஒன்றுதான், வாசல் வேறு வேறு. அமாவாசை அன்று மேல்மலையனூரில் பகல் வழி ஒன்று, ராத்திரி ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் வண்டி போகிற வழி வேறு. அதை நோட்டில் எழுதிவிடு: "அமாவாசை – இந்தப் பக்கம் வேண்டாம்".

நாலு வழிச்சாலையில் இன்னும் கவனம் வேண்டும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு கடையோ ஆபீஸோ ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதில் பத்து நிமிடம் மாறிவிடும். பின் நடுவில் உள்ள தடுப்புச் சுவரை ஒட்டி விழுந்திருந்தால் மென்பொருள் உன்னை எதிர்ப்பக்கம் கூட்டிப் போய் நிறுத்தும். பிறகு அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டும். அவசரத்தில் ஒன்வேயில் எதிரே வருகிற ஆட்களைத் தினமும் பார்க்கிறோம், அதில் நீ ஒருத்தியாகக் கூடாது. நெடுஞ்சாலையில் உள்ள எந்த இடத்துக்கும் நோட்டில் இந்த வரி கட்டாயம்: "திண்டிவனத்திலிருந்து வரும்போது இடப்பக்கம், சர்வீஸ் ரோட்டில்".

இடத்துக்குப் போய் நின்று சேமிப்பதுதான் நல்லது. ஆனால் கூரைக்குக் கீழே நின்று சேமிக்காதே. வானம் தெரிகிற இடத்துக்கு வா. உன்னைக் காட்டுகிற நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர் வட்டம் இருக்கும். அது சுருங்கும் வரை கொஞ்சம் பொறு. அந்த வட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் போனுக்கே சந்தேகம் என்று அர்த்தம். திறந்த வெளியில் சாதாரண போனே ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லிவிடும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. அப்போது நூறு மீட்டர் வரை தவறும். அதோடு ஒப்பிட்டால் இன்றைக்கு உன் கையில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி!

எண்களைப் படிக்கப் பழகு

சில சமயம் ஆபீஸில் இடத்தைப் பெயராகத் தரமாட்டார்கள், எண்ணாகத் தருவார்கள். பயப்படாதே. முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. விழுப்புரம் டவுன் 11.94, 79.49 அளவில் இருக்கிறது. திண்டிவனம் 12.23, 79.65. பன்னிரண்டாம் அட்சக்கோடு இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுகிறது. 11.9 என்று ஆரம்பித்தால் விழுப்புரம் பக்கம், 12.2 என்று ஆரம்பித்தால் திண்டிவனம், செஞ்சிப் பக்கம் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். கொடுத்த ஊர்ப் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று கிளம்புவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்பதும் முக்கியம். ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. ஆகவே புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தால் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு முன்பின் ஆகலாம். மூன்று இலக்கம் என்றால் நூறு மீட்டர், நாலு என்றால் பதினோரு மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர். கிராமத்தில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க ஐந்து இலக்கம் வேண்டும். யாராவது மூன்று இலக்கத்தோடு அனுப்பினால் தெருவரைக்கும்தான் அது கூட்டிப் போகும். மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்.

இரண்டு எண்ணையும் இடம் மாற்றிப் போடாதே. விழுப்புரத்தின் எண்களை மாற்றிப் போட்டால் மேப் உன்னை ஆர்க்டிக் பகுதியில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் கொண்டுபோய் விடும். அதே தீவுக்கூட்டத்தில் கொஞ்சம் தெற்கேதான் 2008-இல் இந்தியா தொடங்கிய ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. இவ்வளவு தூரம் தள்ளிப் போனால் தப்பு உடனே கண்ணில் படும் என்பது உண்மைதான். ஆனால் எக்செல்லில் வரிசை வரிசையாக ஏற்றும்போது ஒரு வரி மட்டும் மாறியிருந்தால் அந்த இடம் உன் மேப்பிலிருந்து காணாமல் போன மாதிரிதான் தெரியும். கேஎம்எல் என்ற கோப்பு வகையில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். கூகுள் தேடல் பெட்டியில் அட்சரேகை முதலில். கையால் நகல் எடுத்து ஒட்டும்போது இந்த இடத்தில்தான் மாறிப்போகும்.

லிஸ்ட்டைப் பிரிப்பது

தேதிவாரியாகப் பிரிக்காதே, 'புதுசு', 'பழசு' என்றும் வேண்டாம். எதற்காகத் திறப்பாயோ அதை வைத்துப் பிரி. ஆரம்பத்தில் உனக்கு நாலு லிஸ்ட் போதும்: குழு, அவசரம், மழை, சொந்தம். 'சொந்தம்' என்பதில் சாப்பாட்டுக் கடை, சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், தையல் கடை, கோயில், கீழ்வாலைப் பாறை ஓவியம், மண்டகப்பட்டுக் குடைவரை எல்லாம் போகட்டும். வேலை நேரத்தில் அந்த லிஸ்ட்டை மேப்பில் தெரியாமல் மறைத்து வைக்கலாம், கூகுளில் அந்த வசதி உண்டு. லிஸ்ட்டுக்கு ஒரு எமோஜி வைத்தால் மேப்பில் பார்த்தவுடன் எது எந்த வகை என்று தெரியும். எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போடுவதை இன்றோடு நிறுத்து.

'அவசரம்' லிஸ்ட்டை முதல் நாளே செய்துவிடு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை, வானூர், கண்டமங்கலம் பக்கம் இருந்தால் புதுச்சேரி ஜிப்மர். ஒவ்வொன்றிலும் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கே பின் போடு, மெயின் கேட்டுக்குப் போடாதே. நீ போகிற ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், பஞ்சர் கடை. நீ போகிற ஊரிலிருந்து பக்கத்தில் எது என்று குழு லிஸ்ட்டின் நோட்டிலும் ஒரு வரி எழுதிவை. 108-க்கு போன் போட்டால் எந்த ஊர், எந்த ரோடு, பக்கத்தில் என்ன அடையாளம் என்றுதான் கேட்பார்கள். நீ வைத்த பெயரை வரிசையாகப் படித்தாலே பதில் முழுதாக வந்துவிடும்.

ஆபீஸில் நூற்றுக்கணக்கான குழுக்களின் பட்டியல் எக்செல்லில் இருந்தால் ஒவ்வொன்றாகப் பின் போட்டுக்கொண்டிருக்காதே. கூகுளின் 'மை மேப்ஸ்' இருக்கிறது. கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத் திறந்து, அட்சரேகை, தீர்க்கரேகை, பெயர் என்று மூன்று காலம் உள்ள எக்செல்லை ஏற்றினால் மொத்தமும் மேப்பில் விழும். ஒரு லேயரில் 2,000 வரி வரை ஏற்கும், ஒரு மேப்பில் 10 லேயர் வரை வைக்கலாம். 13 ஒன்றியத்துக்கு 13 லேயர் போட இடமில்லை. ஆகவே விழுப்புரம் பக்கத்துக்கு ஒரு மேப், திண்டிவனம் பக்கத்துக்கு ஒரு மேப் என்று வைத்துக்கொள். மை மேப்ஸுக்கான ஆண்ட்ராய்டு ஆப்பை 2021-இல் நிறுத்திவிட்டார்கள். போனில் கூகுள் மேப்புக்குள் திறந்து பார்க்கலாம், திருத்துவதைக் கம்ப்யூட்டரில் செய்வதுதான் வசதி.

இடம் வேறு, வழி வேறு, போன தடம் வேறு

இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் "சேவ் பண்ணினேன், ஆனால் வேறு வழியில் கூட்டிப் போகுது" என்ற புகார் வருகிறது. லிஸ்ட்டில் சேமிப்பது இடத்தை மட்டும். வழியை ஒவ்வொரு தடவையும் மென்பொருள் அந்த நேரத்துக்கு ஏற்பப் புதிதாகக் கணக்குப் போடும். இன்று நெடுஞ்சாலையில் கூட்டிப் போனது, நாளைக்கு நெரிசல் என்றால் ஏரிக்கரையில் கூட்டிப் போகும். கூகுள் 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் இருசக்கர வண்டிக்குத் தனி வழிகாட்டலைக் கொண்டுவந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் கார் போகாத குறுக்கு வழியையும் காட்டும். பகலில் நல்லது. பொழுது சாய்ந்த பிறகு கரும்புக் காட்டு நடுவே போகிற வழி உனக்கு வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் அதிகமானாலும் பஸ் போகிற ரோட்டில் வா.

அப்படி நீ நினைத்த ரோட்டிலேயே போக வேண்டும் என்றால் நடுவில் ஒரு நிறுத்தத்தைச் சேர். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய் உப்பளத்துப் பெண்கள் குழுவைப் பார்த்துவிட்டு ஈசிஆரில் புதுச்சேரிப் பக்கம் இறங்க வேண்டும் என்று வை. கடைசி ஊரை மட்டும் கொடுத்தால் கிளியனூர் வழியாக நேர் ரோட்டில் கூட்டிப் போய்விடும், மரக்காணத்தையே பார்க்க மாட்டாய். மரக்காணத்தை நடு நிறுத்தமாகப் போட்டால் வேலை முடிந்தது. நடு நிறுத்தத்தைச் சாலையின் மேலேயே வை. ஊருக்குள் வைத்தால் ஊருக்குள் இறங்கி ஏறச் சொல்லும்.

உண்மையில் நீ ஓட்டிப் போன தடத்தையே வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற ஆப்கள் இருக்கின்றன. இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடுகின்றன, மேப்பை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை, மேப் படத்துக்குத்தான் தேவை. செஞ்சி மலைகளுக்குப் பின்னால் டவர் கிடைக்காத ஊரில் இது கை கொடுக்கும். கிளம்பும்போது 'ரெக்கார்ட்' அழுத்து, போய்ச் சேர்ந்ததும் நிறுத்து. நிறுத்த மறந்தால் வீட்டு வாசல் வரைக்கும் தடம் பதிவாகும், பேட்டரியும் போகும். தடத்துக்குப் பெயர் வைக்கும்போது எங்கிருந்து, எங்கே, எதன் வழியாக என்ற மூன்றும் இருக்கட்டும்: "விழுப்புரம் – செஞ்சி – மண்டகப்பட்டு வழி". ஆப் தானாக வைக்கிற தேதிப் பெயரை அப்படியே விடாதே.

மழைக்கு ஒரு லிஸ்ட்

இதை நீ தள்ளிப்போடக் கூடாது, பாப்பா. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மழை கொஞ்சம் விட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீரைத் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது, போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை ரத்து செய்தார்கள். அந்த நாட்களில் மேப்பில் நீலக் கோடு வழக்கம்போல் வந்திருந்தாலும் அதன் மேல் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று யாராவது சொன்னால்தானே அதற்குத் தெரியும்?

ஆகவே 'மழை' லிஸ்ட்டில் நீ போகிற வழியில் உள்ள ஒவ்வொரு தரைப்பாலம், ரயில்வே சுரங்கப்பாதை, ஏரி உபரி நீர் ரோட்டைக் கடக்கிற இடம் எல்லாவற்றையும் போடு. காய்ந்து கிடக்கும்போதே போடு. கோடையில் அந்தப் பக்கம் போகும்போது நிறுத்தி, பாலத்தின் இரண்டு முனையிலும் பார். தூணில் தண்ணீர் மட்டக் கோடு இருக்கிறதா, ஓரக்கல் இருக்கிறதா, எந்த இடத்தில் ரோடு தாழ்கிறது என்று பார்த்து எழுது. மறக்காமல் எந்த ஆறு என்று எழுது. அதுதான் இதில் உயிர். தென்பெண்ணை என்றால் உன் ஊரில் வெயில் அடித்தாலும் சாத்தனூரில் திறந்தால் தண்ணீர் வரும். சங்கராபரணி என்றால் செஞ்சிப் பக்கத்து மழையைக் கேட்க வேண்டும். வீடூர் அணைக்குக் கீழே உள்ள ஊர் என்றால் அணையைத் திறக்கிறார்களா என்று கேட்க வேண்டும். மலட்டாறு, பம்பை எல்லாம் மற்ற நாளில் மணலாகத்தான் கிடக்கும், அதை நம்பக் கூடாது.

நோட் இப்படி இருக்கட்டும்: "தரைப்பாலம் – தென்பெண்ணை – சாத்தனூர் திறந்தால் மூடும் – மாற்று: மேம்பாலம் வழி, 14 கி.மீ. கூடுதல் – விசாரிக்க: பாலத்தடி டீக்கடை". மாற்று வழியில்லாத தரைப்பாலம் என்றால் அதையும் எழுது: "மாற்று இல்லை, மழை நாளில் கூட்டம் வேண்டாம்". அப்படி எழுதி வைத்திருந்தால் மேலதிகாரி கேட்கும்போது போனைக் காட்டிச் சொல்லலாம். எவ்வளவு அவசரமானாலும் ஓடுகிற தண்ணீருக்குள் ஸ்கூட்டியை இறக்காதே. முழங்காலுக்குக் கீழே ஓடினாலும் இழுத்துவிடும், ரோடு அரித்துப் போயிருந்தால் மேலிருந்து தெரியாது.

அவ்வப்போது செய்ய வேண்டியவை

ஒவ்வொரு நோட்டின் கடைசியிலும் பார்த்த மாதத்தைப் போடு: "பார்த்தது: 2025 ஆகஸ்ட்". நெடுஞ்சாலையில் மேம்பால வேலை நடக்கிற இடங்களில் திரும்பும் வழி ஆறு மாதத்தில் மாறிவிடும். தேதி இல்லாத குறிப்பை எந்த அளவுக்கு நம்புவது என்று தெரியாது. மாதத்தில் ஒரு நாள், சம்பளம் வந்த அன்று என்று வைத்துக்கொள், பெயர் இல்லாத பின்களைத் திற. ஞாபகம் இருந்தால் பெயர் வை, இல்லையென்றால் அழித்துவிடு. கலைந்துபோன குழுவின் பின்னை அழிக்காதே, 'பழைய குழு' என்று தனி லிஸ்ட்டுக்கு மாற்று. அதே தெருவில்தான் புதுக் குழு ஆரம்பிக்கும்.

போன் தொலைந்தால் எல்லாம் போய்விடக் கூடாது. கூகுள் லிஸ்ட்டுகள் உன் கணக்கில் இருக்கும், ஆகவே பாஸ்வேர்டும் மீட்பு எண்ணும் சரியாக இருக்கிறதா பார். கூகுள் டேக்அவுட் வழியாக அவ்வப்போது ஒரு நகல் இறக்கி வை. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் இரண்டிலும் சேமித்தது, நீயாக பேக்அப் போடாதவரை, போனுக்குள் மட்டும்தான் இருக்கும். ஜிபிஎக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து உனக்கே மெயில் அனுப்பிக்கொள். ஜிபிஎக்ஸைப் பெரும்பாலான மேப் ஆப்கள் படிக்கும், நாளைக்கு நீ வேறு ஆப்புக்கு மாறினாலும் உன் உழைப்பு வீணாகாது. "எங்கெல்லாம் போனேன் என்பது டைம்லைனில் இருக்குமே" என்று இருந்துவிடாதே. 2024-இல் கூகுள் அதை சர்வரிலிருந்து எடுத்து அவரவர் போனுக்குள் மாற்ற ஆரம்பித்தது. பேக்அப் போடாமல் போன் மாற்றினால் போனதுதான்.

லிஸ்ட்டை ஷேர் பண்ணும்போது 'திருத்தலாம்' என்ற அனுமதியை உன் டீமில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடு. லிங்க் கிடைத்த எல்லோரும் பார்க்க முடியும் என்பதால் குழுப் பெண்களின் வீட்டையோ போன் நம்பரையோ நோட்டில் எழுதாதே. கூட்டம் நடக்கிற பொது இடத்தை மட்டும் போடு. உன் ரூமின் பின் எந்த லிஸ்ட்டிலும் இருக்கக் கூடாது. ரெக்கார்ட் பண்ணிய தடத்தை அனுப்பும்போதும் அது உன் ரூம் வாசலில் ஆரம்பிக்கிறதா என்று பார்த்து, முதல் கிலோமீட்டரை வெட்டிவிட்டு அனுப்பு.

நேரம் தப்பித் திரும்புகிற நாளில் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை எட்டு மணி நேரத்துக்குப் போட்டு எனக்கு அனுப்பு. கூடவே அன்றைக்குப் போகிற ஊர்களை வரிசையாக ஒரு மெசேஜ், நான் சொன்ன அதே பெயர் முறையில். சார்ஜ் இறங்கி லொகேஷன் நின்றுபோனாலும், கடைசியாக எந்த ஒன்றியத்தில், எந்த ஊரில், எந்தக் கோயிலுக்குப் பின்னால் இருந்தாய் என்று எனக்குத் தெரியும். திண்டிவனத்திலிருந்து கிளம்பி நேராக அங்கேயே வந்துவிடுவேன்.